பொயிலரைச் சுற்றி அடித்த அலுமாரி

விடியற்காலையில் என் குசினி மூலையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். யாரும் நெருப்புக்குச்சி உரசாமலே காஸ் பொயிலர் தானாக மூண்டுகொள்ளும். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளங்க வேண்டுமே: வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் சுடுதண்ணீர் அனுப்புகிற இரும்புப் பெட்டி அது. வெரிபீ என்ற வெளிநாட்டு ஊரில் இந்தப் பழைய வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் அதை வியந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி பரமேஸ்வரி வியக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து அதன் பக்கத்தில் போட்டு, வாதம் பிடித்த முழங்கால்களைச் சூட்டுக்கு நீட்டிக்கொண்டு இருந்தாள். அருகே ஒரு ஸ்டூலில் மோர்மிளகாய் காய்ந்தது. வெயில் இல்லாத அந்த மாதங்களில் அவளுக்கு அதுதான் வெயில்.

எனக்கோ வெட்கமாக இருந்தது. மகனுக்குச் சம்பந்தம் பேசி, பெண்வீட்டார் வரவிருந்தார்கள். குழாயும் மிளகாயும் அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, பொயிலரைச் சுற்றி அலுமாரி அடிக்க ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பொறுமையான வெள்ளைக்காரர். கதவில் காற்றுத் துளைகள் விடவேண்டும், உள்ளே ஒன்றும் வைக்கக்கூடாது என்றார். பிறகு கதிரையைப் பார்த்தார். என்னை விட்டு அவளிடம் திரும்பி, "ஹாப்பி வித் திஸ், லவ்?" என்று கேட்டார்.

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, கதவு வேண்டாமெண்டு சொல்லுங்கோ. சூடு வெளியில வராது. ஒரு பக்கத்தையாவது திறந்து விடட்டும். எனக்கு இந்த வீட்டில இருக்க வேற இடமில்லை."

"வாட் டஸ் ஷீ சே?" என்றார் அவர்.

யாழ்ப்பாணத்தில் வாழ்நாள் முழுதும் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். "ஷீ சேஸ் இட்ஸ் வெரி நைஸ்" என்றேன். அவர் மகிழ்ந்து கட்டைவிரலை உயர்த்தினார். அவளும் மெல்லத் தலையாட்டினாள்.

சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் மறித்து விசாரிக்கும் சென்றிகளில் எனக்காகச் சிங்களம் பேசியவள் அவள். எனக்கு அந்தப் பாஷை வராது. ஒருநாள் ஒரு சிப்பாய் என்னை எதற்கோ ஏசினான். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அந்த வசவைக்கூட ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தெரியத்தானே வேணும்" என்றாள்.

அலுமாரி கதவோடே எழும்பியது. பெண்வீட்டார் முன்பக்க ஹோலில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். குசினிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுதும் பரமேஸ்வரி போர்வையோடு கட்டிலில் கிடந்தாள். மோர்மிளகாய் போடவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை. அடுத்த குளிர் வருமுன், தங்கச்சி வீட்டுக்குப் போட்டு வாறன் என்று யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போனவள் திரும்பவில்லை.

போன கிழமை கதவுகளைக் கழற்றினேன். அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"கதவைக் கழட்டிப் போட்டனப்பா. உம்மட கதிரையும் அங்கதான் கிடக்கு. வாருமன்."

"இப்ப ஏன்? இஞ்ச முற்றம் நிறைய வெயில்." பிறகு கேட்டாள்: "வெரி நைஸ் எண்டால் எனக்கு விளங்காதெண்டோ நினைச்சனீங்கள்?"

கழற்றிய கதவுகளில் ஒன்றைச் சுவரோடு சாத்தி வைத்தேன்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. வைக்கிறன்."

இன்று காலையும் பொயிலர் டக்கென்று மூண்டது. அந்தக் கதிரையில் நான் இருப்பதில்லை. கையை மட்டும் வைத்துப் பார்ப்பேன். அவள் அங்கே வெயிலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருப்பாள். இங்கே அவளுடைய கதிரை சூடாகிக்கொண்டிருக்கிறது.