பின்னாடி பாருடி

ஹாம்பர்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "பின்னாடி பாருடி, கறை இருக்கா?" என்று கேட்க எனக்கு ஆள் கிடையாது. சென்னையில் இதை முன்பின் தெரியாதவளிடம்கூடக் கண்ணாலேயே கேட்டுவிடுவோம். இங்கே ஒரு தடவை, கூட வேலை பார்க்கும் பிர்கிட்டிடம், "பின்னாடி பார்" என்று மட்டும் சொன்னேன். எட்டிப் பார்த்தவள், "பேண்ட் ரொம்ப அழகு" என்றாள். பாவம், பாராட்டு கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதன்பிறகு எனக்குக் கறுப்பு பேண்ட்தான், இடுப்பைச் சுற்றி ஸ்வெட்டர்தான்.

கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, அதனால் மாதாமாதம் அளவில்லாத உதிரப்போக்கு. இரண்டு சிசேரியன் கண்ட வயிறு வேறு. ஜெர்மன் டாக்டர் வழிகளையெல்லாம் விளக்கிவிட்டு, "உங்கள் விருப்பம் என்ன?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! என் விருப்பத்தைச் சொல்லவா உங்களிடம் வந்தேன்? முடிவாக ஒரு வார்த்தை சொல்லும் டாக்டரைத் தேடி, லீவு போட்டு மயிலாப்பூரில் தங்கை உமா வீட்டுக்கு வந்து இறங்கினேன்.

ஆழ்வார்பேட்டை டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், அப்புறம் உமாவைப் பார்த்தார். "கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா."

"ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு டாக்டர்? எடுத்துடுங்க" என்றாள் உமா.

தேடி வந்தது கிடைத்துவிட்டது. எனக்கோ இரண்டாவது சிசேரியன் முடிந்து, இருமக்கூடப் பயந்து தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. "எனக்கு எடுக்க இஷ்டமில்ல டாக்டர். வேற வழி இருக்கா?" என்றேன். உமா தொடையில் கிள்ளினாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பழைய தையல் இடத்துல சிறுநீர்ப்பை ஒட்டிக்கிட்டிருக்கலாம். ஆபரேஷன் பண்ணலாம், ஆனா நிதானமா பண்ணணும். இன்னொரு குழந்தை வேணாம்னா, ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ட்யூப் விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்தை அடைக்கலாம். உங்களுக்குச் சரிவருமான்னு எம்.ஆர்.ஐ. பாத்துதான் சொல்லணும்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று பாய்ந்தாள் உமா.

"யாரும் கேக்கலையேம்மா" என்றார்.

எம்.ஆர்.ஐ. பார்த்ததில் சரிவந்தது, ட்யூப் வழியாகவே அடைத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. சில நாள் வலித்தது, உமா கஞ்சியும் திட்டும் மாறி மாறிக் கொடுத்தாள். ஹாம்பர்க் திரும்பிச் சில மாதங்களில் உதிரப்போக்கு நன்றாகக் குறைந்தது. அப்பாடா! மூச்சே அப்போதுதான் வந்த மாதிரி இருந்தது.

சந்தன நிறத்தில் ஒரு கோட் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தைரியமாக உட்கார்ந்தேன். இறங்கும்போது சீட்டைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? நிறுத்தத்திலேயே நின்று உமாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை முதுகுப் பக்கம் கொண்டுபோனேன். "பின்னாடி பாருடி."

மயிலாப்பூரிலிருந்து ஒரே சிரிப்பு. "கறை ஒண்ணும் இல்லக்கா. காலர்ல விலைச்சீட்டு தொங்குது, அதைப் பிய்ச்சிப் போடு!"

கழுத்துக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன், அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரம்மா ஒன்றும் கேட்காமல் பட்டென்று பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.