ஜோவிதாவின் ஆமென்

பெங்களூர் நீலசந்திராவில் ஆட்டோ ஓட்டும் மதலைமுத்துவின் முன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், 'பாவம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? ஆறு வருடமாக அவருடைய ஆட்டோவில் நான்கு பிள்ளைகள் சிறப்புப் பள்ளிக்குப் போகிறார்கள். எந்த சிக்னலில் நின்றாலும் பக்கத்து பைக்கில் இருப்பவர் உள்ளே எட்டிப் பார்ப்பார். தமிழர் என்றால் 'பாவம்' என்பார், கன்னடர் என்றால் 'பாப' என்பார். இரண்டும் ஒன்றுதான். "யார் செஞ்ச பாவம்?" என்று இவர் திருப்பிக் கேட்பார். பச்சை விழுவதற்குள் அந்த ஆள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்.

அந்த நால்வரில் ஒருத்தி ஜோவிதா. பத்து வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டதால் நடக்கவும் வராது, பேசவும் வராது. ஆனால் பதில் சொல்லத் தெரியும். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். தூக்காவிட்டால் இல்லை. கேள்வி உள்ளே போய் பதில் கண்ணுக்கு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். தினமும் காலையில் "போலாமா தாயி?" என்று கேட்டுவிட்டு, அவள் கண் மேலே போகும்வரை மதலைமுத்து வண்டியை எடுக்க மாட்டார். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அடித்துக்கொள்ளட்டும்.

ஜோவிதாவுக்கு அவர் ஞானத்தகப்பன். அது நடந்த கதையே தனி. அவளுடைய அம்மா ஆஷா அடுத்த சந்தில் குடியிருப்பவள், ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பத்து மாதமாகியும் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. ஞானஸ்நானத்தன்று, ஞானத்தகப்பனாக நிற்கிறேன் என்று சொல்லியிருந்த சொந்தக்காரர் கோலார் தங்கவயலிலிருந்து வரவே இல்லை. ரயில் கிடைக்கவில்லையாம். தங்கவயல் ஜனம் பாதி தினமும் அந்த ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறது, அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. குடும்பத்தை மாதா கோயிலுக்குச் சவாரி ஏற்றி வந்த மதலைமுத்து காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். ஆஷா அழுத கண்ணோடு வந்து, நீங்களும் வேதக்காரர்தானே அண்ணா, நிற்பீர்களா என்று கேட்டாள். நின்றார். விசுவசிக்கிறாயா என்று குருவானவர் மூன்று தடவை கேட்டபோது, குழந்தைக்காக இவர்தான் "விசுவசிக்கிறேன்" என்று சொன்னார்.

அன்றிலிருந்து ஜோவிதாவுக்காக யாரிடம் பேச வேண்டுமானாலும் இவர்தான். டாக்டரிடமும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி.

இந்த வருடம் புதுநன்மைக்குப் பெயர் கேட்டார்கள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. ஆஷாவும் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டு, வெள்ளை கவுனுக்குத் துணி எடுத்து வைத்தாள். பட்டியல் ஒட்டியபோது ஜோவிதா அதில் இல்லை. மறைக்கல்வி எடுக்கும் பிலோமினா டீச்சர் நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மந்திரமெல்லாம் ஒப்பிக்க வேண்டும், நன்மை வாங்கும்போது ஆமென் சொல்ல வேண்டும், இவளுக்கு எப்படி முடியும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். பாவம், அவளை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆஷா துணியை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனாள். "தைக்கக் குடும்மா. நான் பாத்துக்கறேன்," என்றார் மதலைமுத்து.

அன்று மாலையே ஜோவிதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பங்குத்தந்தையின் அறைக்குப் போய்விட்டார். டீச்சரும் அங்கே இருந்தார். ஃபாதர் அன்பாகத்தான் பேசினார். இந்தக் குழந்தை சம்மனசு, தேவதூதர் மாதிரி, கடவுள் ஏற்கெனவே இவளோடு இருக்கிறார், தனியாக ஒன்றும் தேவையில்லை என்றார். மதலைமுத்து உட்காரவில்லை.

"டீச்சர் பாவம்னாங்க ஃபாதர். பாவம் இருந்தா பாவசங்கீர்த்தனத்துல உக்கார வச்சு மன்னிப்பு குடுங்க. இல்லன்னா நேரா நன்மைக்கு விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

டீச்சர் முகம் சிவந்து குனிந்துகொண்டார். ஆமென்தான் பிரச்சனை என்றால் அதை நானே சொல்கிறேன், ஞானஸ்நானத்தில் நான்தானே சொன்னேன், அப்போது ஏற்றுக்கொள்ளவில்லையா என்று மதலைமுத்து மேலும் மடக்கினார்.

"அன்னைக்கு அவ கைக்குழந்தை," என்றார் ஃபாதர். "இப்ப நீங்க சொல்லக் கூடாது. அவதான் சொல்லணும். வாயால வேணாம், கண்ணால சொல்லட்டும். ஆனா அது வெறும் அப்பம் இல்ல, ஆண்டவர்னு அவளுக்குத் தெரியணும்."

மதலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. பாவம் என்று சொல்கிறவர்களோடு சண்டை போட்டுப் போட்டு, அவள் வாயைத் தானும் அடைத்துவிட்டோமோ என்று அன்று முழுக்க மனசு உறுத்தியது.

புதுநன்மைக்கு மூன்று வாரம் இருந்தது. பள்ளி விட்டு வரும்போது ஜோவிதாதான் கடைசியாக இறங்குகிறவள். மற்ற பிள்ளைகளை விட்டதும் மரத்தடியில் வண்டியை நிறுத்துவார். பேக்கரி பன்னைக் காட்டி, இது ஆண்டவரா என்று கேட்பார். மறைக்கல்விப் புத்தகத்தில் குருவானவர் நற்கருணையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைக் காட்டி, இது என்று கேட்பார். முதல் வாரம் முழுக்க அவள் பன்னையே பார்த்தாள். பிய்த்து ஊட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, படத்தைக் காட்டியதும் கண் மேலே போனது. ஆனால் அதே நேரத்தில் மரத்தில் ஒரு காக்கா கத்தித் தொலைத்தது. அவள் படத்துக்குத்தான் பதில் சொன்னாளா, காக்காவைப் பார்த்தாளா? சத்தியமாக அவருக்குத் தெரியாது.

அந்தச் சந்தேகத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை அவளை வீல்சேரில் தள்ளிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போனார். வெள்ளை கவுன் கச்சிதமாக இருந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் வாங்கி முடித்திருந்தார்கள். ஃபாதர் குனிந்து, அப்பத்தை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

ஜோவிதா அதையே பார்த்தாள். கண் அசையவில்லை. பாட்டு முடிந்துபோனது. யாரோ இருமினார்கள். மதலைமுத்துவின் நாக்கு நுனிக்கு ஆமென் வந்துவிட்டது, இத்தனை வருடப் பழக்கம் ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, ஆனால் நன்றாகக் கேட்கும்படி, 'பாவம்' என்றது. அவர் திரும்பவில்லை. ஃபாதரும் கையை இறக்கவில்லை.

அப்போது ஜோவிதாவின் கண் மேலே போனது. அப்பத்தைத் தாண்டி, ஃபாதரின் முகத்தைத் தாண்டி, கூரைவரை போனது. காக்கா ஒன்றும் இல்லை. ஃபாதர் சின்னதாகக் கிள்ளி அவள் நாக்கில் வைத்தார்.

அடுத்தது மதலைமுத்து. "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் ஃபாதர். இவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஃபாதர் காத்திருந்தார். மதலைமுத்து கண்ணை மேலே தூக்கினார்.