அத்தை வைத்த ஃபுல் ஸ்டாப்

சித்தப்பா பொய் சொல்கிறார். போன வாரம் என் தங்கை கல்யாணப் பந்தியில், "மண்ணு சரியப் போகுதுன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு, வண்டிய நிப்பாட்டிட்டேன்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். அத்தை எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தியது அவர் இல்லை. அன்று அவர் ஓட்டிய டூரிஸ்ட் வேனின் முன்சீட்டில் சிறுமியாக நான் இருந்தேன்.

அத்தை அவருக்கு அக்கா. பெருமாள்மலையில் அடுக்கம் பாதை பிரிகிற இடத்தில் டீக்கடை வைத்திருந்தாள். அதற்கு முன் கான்வென்ட் சமையலறையில் காய் நறுக்கினாள். அங்கே ஒரு சிஸ்டர் சொல்லிச் சொல்லி 'ஃபுல் ஸ்டாப்' அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. இதற்கு மேல் பேச்சே இல்லை என்று அர்த்தம். நான் அதை மந்திரம் என்று நம்பினேன். "உப்புமா வேண்டாம், ஃபுல் ஸ்டாப்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தட்டில் உப்புமாதான் விழுந்தது.

அன்று விடாத மழை. வேன் நிறைய டூரிஸ்ட்டுகள். சீக்கிரம் பெரியகுளம் போக வேண்டும் என்று சித்தப்பா குறுக்கு வழியான அடுக்கம் மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினார். அத்தை கடை பெஞ்சை இழுத்துவந்து குறுக்கே போட்டு, நனைந்தபடி உட்கார்ந்தாள்.

"ஏலே, மேலருந்து தண்ணி செம்மண்ணா வருது. இந்த வழியா போகக் கூடாது. ஃபுல் ஸ்டாப்."

"எந்திரிக்கா! ஒனக்கு டீ ஆத்துற சோலி கெடக்குல்ல? வெரசா போகணும். மானத்த வாங்காத."

ஹாரன் அடித்தார், கெஞ்சினார், திட்டினார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை வாயைத் திறக்கவே இல்லை. சித்தப்பாவும் ஃபுல் ஸ்டாப் சொல்கிற ஆள்தான். சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசுவார். அத்தை சொன்னால் அதோடு சரி.

கடைசியில், முன்பே அந்தப் பாதையில் கீழே போயிருந்த ஒருவன் பைக்கில் திரும்பி வந்தான். "ரோடே இல்லண்ணே. மொத்தமா சரிஞ்சு கெடக்கு."

சித்தப்பா வண்டியைத் திருப்பினார். அன்று ராத்திரியே வேன் ஸ்டாண்டுக்குப் போய், "அந்தக் கடையில நிப்பாட்டாதீங்கடா, வழிய மறிப்பா" என்று டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் டூரிஸ்ட் வேன் எதுவும் அங்கே நிற்கவில்லை. அத்தை சுட்ட வடை சாயங்காலம் தட்டு நிறைய மிஞ்சும். அவ்வளவும் எனக்கு. சந்தோஷமாகத் தின்றேன். ஏன் மிஞ்சுகிறது என்று நான் கேட்டதில்லை.

சித்தப்பா, அதே ஸ்டாண்டுக்கு வாங்க. எல்லா டிரைவர்களும் இருக்கும்போது, சத்தமாகச் சொல்லுங்க. அன்றைக்கு வண்டியை நிறுத்தியது யார்?