கண்ணாடிப் படகுக்கு எடுத்து வைத்த இருநூறு ரூபாய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், அதிலும் பாதி தெலுங்கு. மறதி வேறு. அந்தமானுக்குக் குறைந்த செலவில் எப்படிப் போய் வந்தீர்கள் என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்த காலம். அங்கே வேலைக்குப் போன எங்கள் மகன் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து, "கோயிலுக்கே போய்க்கினு இருந்தா எப்படி? ஒரு தடவ கடல் தாண்டிப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றான். படகின் அடியில் கண்ணாடி வைத்திருப்பார்களாம், குனிந்தால் பவளப் பாறையும் மீனும் தெரியுமாம். அவன் அதைச் சொன்னதிலிருந்து எனக்கு அந்த ஒரே ஆசை. அதற்கென்று இருநூறு ரூபாயைத் தனியாக முடிந்து வைத்தேன்.

ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்தில் காலை ஐந்தரை பஸ். நானும் என் வீட்டுக்காரரும் புத்தூரில் மாறிச் சென்னைத் துறைமுகம் போனோம். கப்பலில் அடுக்குப் படுக்கைதான் மலிவு. ஆளுக்கு ஆயிரத்து நூற்றைம்பது, திரும்பி வரவும் அதே. அவலும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு போனதால் மூன்று நாளும் சாப்பாட்டுச் செலவில்லை. நாலாம் நாள் காலை ஏழு மணிக்குப் பச்சையாகக் கரை தெரிந்தது.

மழைக்காலம் என்பதால் போர்ட் பிளேரில் முந்நூறு ரூபாய் அறை நூற்றைம்பதுக்குக் கிடைத்தது. லாட்ஜ்காரர் தமிழர், ராமநாதபுரம் பக்கம். ஒரு சாப்பாடு வாங்கி இருவரும் பங்கிட்டோம். எங்கே போனாலும் டவுன் பஸ்தான். வண்டூர் கடற்கரை இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். அங்கே என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் பின்னால் ஓடினார். அந்த வேட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் அன்று வசதியுள்ளவர்களும் செம்புக்கு நாமம் போட்டு, நாலு வீட்டில் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்குவோம். விழுகிற காசு திருமலை உண்டியலுக்கு. அது பிச்சை இல்லை, வேண்டுதல். காலை ஆறு மணிக்கு இவர் லாட்ஜ் செம்புக்கு நாமம் போட்டுவிட்டார்.

"இங்க வாணாங்க. யார்னா பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"பெருமாளுக்குத் தெரியாதா நாம எங்க கீறோம்னு? வா."

முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு வீடு தாண்டுவதற்குள் லாட்ஜ்காரர் ஓடி வந்தார்.

"பெரியவரே, காசு தீந்துபோச்சுன்னா என்கிட்ட சொல்லக்கூடாதா? ஒரு சாப்பாட்டை ரெண்டு பேரும் பங்கு போடும்போதே நெனச்சேன்."

ஐம்பது ரூபாயைச் செம்பில் திணித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. இவரோ, "ரொம்ப சந்தோசம் சார். உன் பேர்லயே உண்டியல்ல போட்டுர்றேன்" என்று அதை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

மூன்றாவது தெருவில் ஒரு பெண் துவைத்துக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டுச் சோப்புக் கையோடு ஓடி வந்தாள்.

"இந்தச் சத்தம் கேட்டுப் பன்னெண்டு வருசம் ஆச்சுக்கா. மா ஊரு, எங்க ஊரு நாயுடுபேட்டை. எங்க வீட்டுக்காரரு கட்டட வேலைக்குன்னு வந்தாரு, இங்கயே இருந்துட்டோம்."

ஒரு படி அரிசியும் நூறு ரூபாய் நோட்டும் கொடுத்தாள். தன் பெயரைச் சொன்னாள். "சாமிகிட்ட, மலைக்கு ஒருக்கா என்னைக் கூப்பிடச் சொல்லுக்கா. பேரைச் சொல்லிப் போடு, மறந்துடாத."

அதன்பின் புயல். திரும்பும் கப்பல் நாலு நாள் தள்ளிப்போனது. அறை வாடகையில் என் இருநூறும் கரைந்தது. கடைசி நாள் காலை வெயில் அடித்தது. படகுத்துறையில் கண்ணாடிப் படகுக்காரன் ஆளுக்கு நூறு என்று கூப்பிட்டான். எங்களிடம் ஊர் போகும் பஸ் காசுதான் மிச்சம். மற்ற வீடுகளில் விழுந்ததையும் சேர்த்து மஞ்சள் துணியில் இருநூற்று முப்பது இருந்தது.

"பையன்கிட்ட வாங்கி அப்புறம் உண்டியல்ல போட்டுக்கலாமே" என்றேன்.

இவர் துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "உன் இஷ்டம்."

அந்த நூறு ரூபாய் நோட்டு மேலே இருந்தது. அதில் சோப்பு வாசனை போகவில்லை. படகில் ஆட்கள் ஏறினார்கள். நான் துணியைத் திரும்ப முடிந்துவிட்டேன். படகு போய்த் திரும்பும் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். குனிந்து பார்த்தவர்களின் முதுகுதான் தெரிந்தது.

சென்னையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகத் திருமலை போனோம். உண்டியலுக்கு முன்னால் துணியைப் பிரித்தேன். பின்னாலிருந்து "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளினார்கள். லாட்ஜ்காரர் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை. "நாயுடுபேட்டைக்காரி, சோப்புக் கையோடு வந்தாளே, அவள்தான் சாமி" என்று மட்டும் சொல்லிப் போட்டேன்.

கட்டணமும் கிலோமீட்டரும் ஞாபகத்திலிருந்து எழுதியவை. தெரிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும். தீவுக்குப் போகிறவர்கள் மூன்றாவது தெருவில் விசாரித்து, அவள் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மலைக்கு இன்னும் என்னால் போக முடியும்.