ஏரிக்கரையில் மாப்பிள்ளை பார்த்த படலம்

திருப்பத்தூரிலிருந்து வந்து, காலை ஐந்தரை மணிக்கு ஜோலார்பேட்டையில் பெங்களூர் வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் ஒன்பதணா. கையில் ஒரு கூடை மல்கோவா. என் மகள் சரோஜாவுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சுந்தரேசன். ஏரிக்கரை வேலையில் ஓவர்சியர் என்று அவருடைய தகப்பனார் எழுதியிருந்தார். முப்பது வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். கடிதத்தை நம்பிப் பெண் கொடுப்பேனா? இப்படித் துருவித் துருவியே இதற்குமுன் இரண்டு வரன்களை விரட்டிவிட்டேன் என்று வீட்டில் குற்றச்சாட்டு உண்டு. கிளம்பும்போது சரோஜா வாசல்வரை வந்தாள்.

"அப்பா, போட்டோ எனக்குப் பிடிச்சிருக்கு. இந்தத் தடவை எதையும் கிளறாம வாங்க."

பத்து மணிக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். ஏரிக்கு இரண்டு மைல். ஜட்காக்காரர் எட்டணா கேட்டு, ஐந்தணாவுக்கு இறங்கினார். இவ்வளவு சுலபமாக இறங்கியதால் மூன்றணாதான் நியாயமோ என்று வழியெல்லாம் உறுத்தியது.

மரங்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று நீளமாக ஒரு கட்டடம்.

"அட்டாரா கச்சேரி, சாமி. பதினெட்டு ஆபீசு உள்ளாற" என்றார் ஜட்காக்காரர். எண்ணிப் பார்த்தவர் யாரோ! தூரத்தில் புதிதாக எழும்பிய நகர மண்டபத்தையும் காட்டினார். அதன் தூண்களை வைத்தே ஒரு கோயில் கட்டிவிடலாம்.

ஏரியைக் கண்டதும் ஏமாந்துபோனேன். பாதி தண்ணீர், பாதி மண்மேடு.

"முன்னே ஊரே இந்தத் தண்ணிதான் சாமி குடிச்சுது. கொழாய் வந்துச்சு, இதை யாரும் சீந்தலை. இப்போ பாதியை மூடி மைதானமாம். மிச்சத்துக்குக் கல்லுக் கரை, பார்க்கு, ஜனங்க காத்து வாங்க பெஞ்சு."

இருக்கிற தண்ணீரை மூடிவிட்டு அதன் ஓரத்தில் பெஞ்சு போடுகிறார்களாம்! இத்தனை கல்லும் மண்ணும் புரளும் இடத்தில் ஓவர்சியரின் கை மட்டும் சுத்தமாக இருக்குமா? சரோஜா சொன்னது எனக்கு மறந்தே போயிற்று.

பதினொன்றே கால். கரைமேல் ஒருவர் ஒவ்வொரு கல்லாகச் சுத்தியால் தட்டி ஓசை கேட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் பார்த்த அதே முகம். கூடையை அவர் காலடியில் வைத்தேன்.

"கல்லு காண்ட்ராக்ட் எடுக்கலாம்னு வந்தேன் சார். நம்ம கல்லு சுமாராத்தான் இருக்கும். நீங்க கொஞ்சம் கண்டுக்காம விட்டீங்கன்னா..."

"கரை உடைஞ்சா கீழே இருக்கிற வீடெல்லாம் போயிடும். கூடையைத் தூக்குங்க" என்றார் சுந்தரேசன். கூடைக்குள் என்ன என்றுகூடப் பார்க்கவில்லை.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "மாப்பிள்ளை, திருப்பத்தூர்ப் பொண்ணோட அப்பா நான்தான்!" என்றேன்.

"போன வாரம் ஒரு காண்ட்ராக்டர் என் பெரியப்பான்னு சொல்லிட்டு வந்தான். உங்களை அடையாளம் காட்ட இங்கே யாராவது இருக்காங்களா?"

பதிவு ஆபீசில் முப்பது வருஷமாக நான் ஊராரைக் கேட்ட கேள்வி. கூடவே கரைக்கு வந்திருந்த ஜட்காக்காரரைப் பார்த்தேன்; அவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். தகப்பனாரின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"சோதிச்சுப் பாக்கவா வந்தீங்க?" கடிதத்தைப் பார்த்தபடியே, "உங்க பொண்ணுக்கும் என்மேல சந்தேகமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவளுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கிளறாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினா."

கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்பாவைக் கேட்டு எழுதறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லைத் தட்டப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாம்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு இறங்கினேன்.

இரண்டரை மணி வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை எப்படி என்று பார்க்கப் போனேன், தங்கமான மனிதர். மாமனார் எப்படி என்று அவரும் பார்த்துவிட்டாரே, இதைச் சரோஜாவிடம் எப்படிச் சொல்வேன்?