வலது கையால் எறி

எறிந்தேன், ஆமாம். தட்டை எறிந்தேன், சீப்பை எறிந்தேன், சோற்றை எறிந்தேன், ஒரு முறை அப்பாவின் ரேடியோவையும் எறிந்தேன். என் ஒன்பதாவது வயதில் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அடங்காப்பிடாரி என்பது அவர்கள் எனக்குக் கொடுத்த பட்டம். இன்றுவரை நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எல்லாம் என் வலது கையால் வந்தது. எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவாத்து வெட்டிவிட்டு வந்த அம்மா, கத்தியை வாசற்படியில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். நான் ஓடி வந்தேன், ஈரத்தில் வழுக்கினேன், கத்தியின் மேல் கையை ஊன்றினேன். உள்ளங்கையில் நரம்பு அறுந்தது. ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். காயம் ஆறியது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை.

காயத்துக்குள் மலைப்பனி இறங்கினால் நரம்பு சுருண்டுவிடும் என்பது லயத்து வைத்தியம். அதனால் அம்மா அப்பாவின் கம்பளிக் காலுறை ஒன்றை என் கையில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டாள். இரவும் பகலும் கை அதற்குள்ளேயே கிடந்தது. நல்ல கதகதப்பு. அந்தக் கதகதப்பிலேயே விரல்கள் இன்னும் இறுகிப்போயின. சோறு அம்மா ஊட்டினாள். தலை அம்மா வாரினாள். சட்டைப் பித்தானையும் அவளே போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் நாடாவை அவிழ்த்துக் கையைக் காட்டினாள்.

"பொம்பளப் புள்ளைக்குப் போயி இப்படியா! நாளைக்குக் கத்திரி புடிச்சுக் கொழுந்து வெட்ட முடியாதே. யாரு கட்டிக்குவா?" என்று அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் இடது கைக்கு எட்டியதை எடுத்து வீசுவேன். உச்சுக்கொட்டல் அந்த நிமிஷமே நின்றுவிடும். அதைவிடக் கைகண்ட மருந்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்பா பெல்ட்டைக் காட்டினார். அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். அந்தக் கயிற்றையும் எறிந்தேன்.

கடைசியில் அம்மா தோட்டத்து லோரியில் ஏற்றி என்னைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாதம் ஒரு தடவை ஈப்போவிலிருந்து அங்கே ஒரு பெண் வருவார். அவர் பையில் மரக்குச்சிகளும் துளை போட்ட பலகையும் மணிகளும் இருந்ததால் எங்கள் ஆட்கள் அவரை விளையாட்டு மிஸி, அதாவது விளையாட்டு நர்ஸ், என்றார்கள். கைகால்களை மறுபடி அன்றாட வேலைக்குப் பழக்கும் தொழில்முறை சிகிச்சை என்று ஒரு படிப்பு இருப்பது அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்?

பலகையை என் முன்னால் வைத்தார். குச்சியைத் துளையில் செருக வேண்டுமாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என் விரல்களைப் பிடித்துக் குச்சியின் மேல் வைத்து அழுத்தினாள். பலகை பறந்தது. குச்சிகள் கட்டிலடியில் எல்லாம் உருண்டன. அம்மா அடிக்கக் கை ஓங்கினாள்.

"அடிக்காதீங்கக்கா," என்றார் மிஸி. "எறியறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல மிஸி. எல்லாம் திமிரு. வீட்டுலயும் இப்படித்தான்."

"திமிரு இருக்கட்டும்லா. வீட்டுல எப்பப்ப எறியுது?"

"சோறு ஊட்டுறப்ப. தலை வாருறப்ப. யாராச்சும் கையைப் பாக்க வந்தா."

"தனியா இருக்கறப்ப?"

அம்மா யோசித்தாள். "இல்ல மிஸி," என்றாள் மெதுவாக.

என் சட்டைப்பைக்குள் யாரோ கைவிட்டுத் துழாவுவது போல இருந்தது. மிஸி என் பக்கம் திரும்பி, "உனக்கு எதை எறியணும்னு ரொம்ப ஆசை?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கிறார் என்று நினைத்து நானும் வம்பாகவே சொன்னேன்: "தேங்கா. மாரியம்மன் ரதத்துக்கு முன்னால."

"பொம்பளப் புள்ள செதறு தேங்கா ஒடைக்கிறதாவது!" என்றாள் அம்மா.

மிஸி சிரிக்கவில்லை. "எந்தக் கையால ஒடைப்பாங்க?"

"சோத்துக் கையாலதான்," என்றேன்.

"சரி. இனிமே எறியலாம். ஆனா அந்தக் கையால மட்டும்."

நாடாவை அவிழ்த்துக் காலுறையைக் கழற்றினார். என் கையை யாருக்கும் காட்டவில்லை. காலுறைக்குள் மணிகளைக் கொட்டி, முடிச்சுப் போட்டு, என் விரல்களுக்கு நடுவே வைத்தார். எனக்கு ஒரே கொண்டாட்டம். எறிவதற்கு ஆஸ்பத்திரியிலேயே உத்தரவு! பிறகு அம்மாவை வராந்தாவுக்கு அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. என்னைப் பற்றிக் கோள் சொல்லப் போய்த் திட்டு வாங்குகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அன்றிலிருந்து அம்மா தட்டை என் முன்னால் வைத்துவிட்டுத் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சோறு பாதி வாய்க்கும் பாதி தரைக்கும் போனது. அவள் கையை நீட்டவே இல்லை. என்னைக் கைகழுவிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆத்திரத்தில் காலுறையைச் சுவரில் எறிந்தேன். எடுத்து எடுத்து எறிந்தேன். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கப் பழகின. மணிக்குப் பதில் அம்மா மணலை நிரப்பிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தபோது, "மிஸி எறியச் சொல்லியிருக்கு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திருவிழா வந்தது. எங்கள் வாசலில் ரதம் நின்றபோது தேங்காயோடு முன்னால் போனேன். கோயில் தலைவராக இருந்த பெரிய கங்காணி கையை நீட்டித் தடுத்தார். "பொம்பளப் புள்ள, அதுவும் கை வராத புள்ள. வேணாம்லா," என்றார். அப்பா தரையைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்காமல் எறிந்தேன். தேங்காய் விரலில் நழுவி, உடையாமல் உருண்டு, கங்காணியின் காலடியில் போய் நின்றது. உறுமி மேளம் நின்றுவிட்டது. "அபசகுனம்," என்று யாரோ சொன்னார்கள்.

அதை எடுத்து உடைத்துவிடலாம் என்று அப்பா குனிந்தார். அதற்குள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தேங்காயை எடுத்தாள். செத்தேன் என்று நினைத்தேன். அவள் அதை என் வலது கையில் வைத்தாள். விரல்களை மடக்கிவிடவில்லை. பின்னால் நகர்ந்து தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் சொருகிக்கொண்டாள்.

"நீயே எறிடி!"

எறிந்தேன். தேங்காய் சிதறவில்லை. ஓரத்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் வழிந்தது. எனக்கு அது போதும். கங்காணிக்குப் போதுமா என்று நான் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். என்னால் அவளுக்கு மானம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். வாசற்படியில் கத்தியை வைத்தவள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். ஊட்டிய ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் அவள் அதை நினைத்திருப்பாள் என்பது அப்போது தெரியாது. கக்கத்திலிருந்து கைகளை அவள் இன்னும் எடுக்கவில்லை. குளிர் என்று நினைத்தேன்.