சகர் தலைவனின் குல்லாய்

கிதின்னு ஏலாம் நாட்டுச் சூசா நகரத்துக்காரன். அவனுடைய அப்பா செங்கல் அறுத்துப் பிழைத்தவர். ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் எழுத்துப் பதிக்கிற வித்தை பத்து வயதிலேயே கிதின்னுவுக்குக் கைவந்துவிட்டது. பிறகு அதையே கல்லில் வெட்டவும் பழகினான். அந்தக் கைநேர்த்திதான் அவனைக் கொண்டுவந்து பகஸ்தான மலையில் மாட்டிவிட்டது.

பாரசீக மன்னர் தரியு பட்டத்துக்கு வந்த புதிதில், நான்தான் ராஜா என்று நாட்டுக்கு ஒருவன் கிளம்பினான். அத்தனை பேரையும் மன்னர் அடக்கினார். அந்தக் கதையை எழுத்திலும், பிடிபட்ட கைதிகளின் வரிசையை உருவத்திலும், கீழே சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி மலையின் நெஞ்சில் வெட்ட வேண்டும் என்று கட்டளை. ஆறு மாத வேலை என்று சொல்லித்தான் கிதின்னுவைக் கூட்டி வந்தார்கள். இப்போது மூன்றாவது வருஷம்.

காலையில் ஏணியிலும் கயிற்றிலும் ஏறினால் பனைமரத்துக்கும் மேலே பல மடங்கு உயரத்தில், இரண்டு முழ அகலத்தில் ஒரு கல் விளிம்பு. முன்னால் பாறை, முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. பொழுது சாய்ந்து இறங்கினால் கூடாரம், அதைச் சுற்றிக் காவல். பாதி எழுதின கையோடு யாரும் மலையை விட்டுப் போகக் கூடாது. பாதியில் நிற்கிற ராஜ வார்த்தை பொய்க்குச் சமம் என்பது பாரசீகர்களின் நம்பிக்கை. அவர்களுக்குப் பொய்யைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதனால் காய்ச்சல் வந்தவனைக்கூட அங்கேயே படுக்கவைத்தார்கள்.

ஊரில் கிதின்னுவின் ஒரே மகள் நகுந்திக்குக் கல்யாணம் பேசியிருந்தது. சூசாவில் பெண்ணின் தலையில் அப்பன் தன் கையால் நல்லெண்ணெய் ஊற்றினால்தான் கல்யாணம். அப்பன் உயிரோடிருக்க வேறு யாராவது ஊற்றினால் அரைக் கல்யாணம் என்று பெண்ணின் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கிதின்னு சொல்லியனுப்பி இரண்டு தடவை நாள் தள்ளிப்போனது. முதல் தடவை, பாபிலோனில் இன்னொரு கலகக்காரன் பிடிபட்டு, வெட்ட வேண்டிய சேதி நீண்டது. அடுத்த தடவை ஏலாமிலேயே கலகம். இந்தப் பேரீச்சை அறுவடைக்குள் முடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஏலாமிய மொழியில் நான்கு பத்திகள் அவன் பொறுப்பு. அறுவடைக்கு இரண்டு மாதம் இருக்கையில் இன்னும் ஏழே வரி பாக்கி. தினமும் உளி எடுக்குமுன் தன் பங்கு பார்லிக் கள்ளில் கொஞ்சம் பாறையில் ஊற்றி, "ஹும்பன் சாமி, என்னை ஊர் சேத்துடு" என்று கும்பிட்டுக்கொள்வான்.

ஒருநாள் மேற்பார்வைக்காரர் பகதாதன் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கனத்த உடம்பு, நல்ல மனுஷன். பாரசீகர்.

"கிதின்னு, கடைசிக் கைதிக்குப் பின்னால இடம் இருக்கா?"

"எதுக்குங்க ஐயா?"

"வடக்கே சகர்ங்கற ஜனத்தோட தலைவனை மன்னரே நேர்ல போய்ப் பிடிச்சிருக்கார். அவனையும் வரிசையில நிறுத்தணுமாம்."

உருவம் வெட்டுகிற பாபிலோன்காரன் பேல்-இத்தின் பக்கத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்தான். "நம்ம ராஜா ஒருநாளாச்சும் வீட்ல உக்காந்து சாப்பிடுறாரா பாரு," என்று முணுமுணுத்தான்.

"உன் வாயில மண்ணைப் போட. சும்மா இருடா," என்றார் பகதாதன். "இடம் இல்லேன்னா சொல்லுங்க. வேற பாறை பாக்கணும்னு அரண்மனைக்கு எழுதுறேன். அவங்க பாறை பாத்து முடிவு பண்ணிப் பதில் வர மழைக்காலம் ஆயிடும். அதுவரைக்கும் ஒருத்தரையும் அனுப்ப மாட்டாங்க."

மழைக்காலம் என்றால் அறுவடை முடிந்துவிடும். கிதின்னு அவசர அவசரமாகக் கயிறு பிடித்து அளந்தான். அங்கே எழுத்துக்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் பாறை இருந்தது. முன்னால் நிற்கிற ஒன்பது கைதிகளும் கை பின்கட்டு, கழுத்தில் கயிறு, வெறும் தலை. பத்தாவது ஆளும் அப்படித்தானே இருப்பான்?

"ஒரு ஆளு தாராளமா நிக்கலாமுங்க ஐயா. எழுத்துல படாது."

"நிச்சயமா?"

"ஹும்பன் சாமி மேல ஆணை."

பகதாதன் அப்படியே எழுதியனுப்பிவிட்டார். படம் வரும்வரை எழுத்து வேலையும் நிற்கட்டும் என்றார்.

இருபதாம் நாள் தோலில் வரைந்த படம் வந்தது. பேல்-இத்தின் அதைப் பிரித்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடா இது, ஆளுக்கு மேல இன்னொரு ஆளு!" சகர் தலைவன் தலையில் கூர்க் குல்லாய். ஒன்றரை முழம். சிரித்துக்கொண்டே பாறையைப் பார்த்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். படத்தின் அளவுப்படி வெட்டினால் குல்லாயின் நுனி கிதின்னு வெட்டிய முதல் பத்தியின் நடுவில் ஏறி நிற்கும்.

கிதின்னு பகதாதனிடம் ஓடினான். "ஐயா, குல்லா இல்லாம வெட்டிடலாமுங்களா?"

"குல்லா இல்லேன்னா அவன் சகன்னு யாருக்குடா தெரியும்? அந்த ஜனத்துக்குப் பேரே குல்லாய்க்காரங்கதான்."

"சரிங்க, அந்த நாலு வரி போகட்டும். அதை மட்டும் வேற இடத்துல..."

"ஓட்டை விழுந்த வார்த்தையை மன்னர் வார்த்தைன்னு எப்படிச் சொல்றது? நாலு பத்தியையும் இடது பக்கப் பாறையில புதுசா வெட்டணும்." பகதாதன் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீதானேப்பா இடம் இருக்குன்னு ஆணை வச்சே?"

கிதின்னு ஏணிப் பக்கம் திரும்பி நடந்தான்.

மறுநாள் விளிம்பில் வைத்து பேல்-இத்தின் காதோடு காதாகச் சொன்னான்: "சூசாக்காரா, இதைக் கேளு. குல்லாவை மடிச்ச மாதிரி குட்டையா வெட்டிடறேன். கீழேயிருந்து பாத்தா இந்த ஆளுங்கெல்லாம் விரல்கடை அளவுதான் தெரிவாங்க. வேலை முடிஞ்சதும் இந்த விளிம்பையே வெட்டித் தள்ளப் போறாங்க. அப்புறம் கழுகுதான் வந்து அளந்து பாக்கணும்."

"பகதாதன் ஐயா?"

"அவர் இன்னொரு தரம் ஏறி வருவாரா? போன தடவையே பாதி வழியில உசுரு போச்சுன்னார். நீ ஏழு வரியை முடி. மகளைப் போய்ப் பாரு."

கிதின்னு உளியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். ஏழு வரியில் இரண்டை வெட்டினான். வெட்டுகிற சேதியே பொய்யைப் பற்றித்தான். பொய் பேசித்தான் இத்தனை பேரும் கெட்டார்கள், பொய்யனை வாழவிடக் கூடாது என்று மன்னர் சொல்கிறார். அந்த வார்த்தையை எத்தனை தடவை வெட்டினோம் என்று அவனுக்கே கணக்கில்லை. அதுவரை எழுத்தாக மட்டும் இருந்தது இப்போது அவன் முகத்தையே பார்த்தது.

மூன்றாம் நாள் காலையில் கள்ளை ஊற்றிவிட்டுக் கும்பிட்டான். ஊர் சேத்துடு என்று கேட்க வாய் வரவில்லை. அவசரத்தில் இந்தச் சாமி பேரில் ஒரு ஆணை வைத்தாகிவிட்டது. அதையே நம்பி ஒரு மனுஷர் அரண்மனைக்கு எழுதிவிட்டார். அதன்மேல் இந்தப் பொய்யும் வேறா? எங்காவது வெளிப்பட்டால் முதலில் போவது பேல்-இத்தினின் கை. நாட்டில் அவனுக்கும் நான்கு பிள்ளைகள்.

"அண்ணே," என்றான். "குல்லாவை நீளமாவே வெட்டுங்க."

"பைத்தியமாடா உனக்கு?"

"என் தப்பு அண்ணே. உங்க உளியில ஏத்த மாட்டேன்."

குல்லாய்க்கு இடம் வேண்டுமே, தன் எழுத்தைத் தானே கொத்தினான். வந்த புதிதில், ஊர் ஞாபகம் பச்சையாக இருந்தபோது வெட்டிய வரிகள் அவை. நுனி ஒடியாமல் எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. அதனால் கொத்துவதற்கும் நாளானது. பேல்-இத்தின் அந்த நாட்களில் கேலியே பேசவில்லை. தன் அத்திப்பழங்களில் பாதியை இவன் பக்கம் தள்ளிவைத்தான்.

சூசாவில் எல்லோரும் மதிக்கிற கோவேறு கழுதைக்காரர் ஒருவர், ஊருக்குப் போகிற வழியில் மலையடிச் சுனையில் தண்ணீர் காட்ட வந்தார். காவல்காரன் பக்கத்தில் நிற்க, கிதின்னு அவரிடம் பேசினான்.

"நகுந்தியோட அப்பாதானே நீ? கிளம்பிட்டியா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க மாமா. ஒரு சேதி சொல்லணும். கல்யாணத்தை இனிமே தள்ள வேண்டாம். என் தம்பி கையால எண்ணெய் ஊத்தட்டும்."

"அரைக் கல்யாணம்னு பேசுவாங்களேப்பா?"

"அதுக்குத்தான் உங்களைக் கேக்கிறேன். பந்தல்ல நாலு பேர் முன்னால நில்லுங்க. அப்பன் வாயால சொல்லி நான் கேட்டேன், இது அவன் ஊத்தின எண்ணெய்தான்னு சாட்சி சொல்லுங்க. நீங்க சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேப்பாங்க."

பெரியவர் கழுதையின் பிடரியைத் தட்டிக்கொடுத்தார். "சொல்றேன். குழந்தை கேட்டா நீ எப்ப வருவேன்னு சொல்லட்டும்?"

கிதின்னு வாய் திறக்குமுன், குடம் எடுத்து வந்த பேல்-இத்தின் சொன்னான்: "ராஜா தோத்தாருன்னா வருவான்னு சொல்லும் ஓய்."

காவல்காரனே சிரித்துவிட்டான். கிதின்னுவும் சிரித்தான். சிரித்த கையோடு, "கேட்டா, காத்திருக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க மாமா," என்றான்.

கழுதைகள் சாலையில் இறங்கின. கிதின்னு ஏணி ஏறினான். இடது பக்கப் பாறை இன்னும் கரடாகவே கிடந்தது. எழுத்தைத் தொடங்குமுன் தேய்த்துச் சமமாக்கவே நாற்பது நாளாகும். தண்ணீரை அள்ளித் தெளித்து, மணலைத் தூவி, தேய்க்கத் தொடங்கினான்.